பூனை முக்குகிறதா? முதலில் சிறுநீர் போகிறதா என்று பாருங்கள்

நெல்லும் உளுந்தும் மூட்டையாகக் கிடக்கும் வீட்டில் பூனை ஒன்று இல்லாமல் இருக்காது. பெரும்பாலும் அது காசு கொடுத்து வாங்கியதாக இருக்காது; எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டதாக இருக்கும். அதனால்தானோ என்னவோ, மாட்டுக்கு வயிறு உப்பினால் நள்ளிரவிலும் மருத்துவருக்குப் போன் போடும் நாம், பூனை இரண்டு நாளாகச் சாம்பல் மேட்டில் உட்கார்ந்து முக்கிக்கொண்டிருந்தாலும் 'தானாகச் சரியாகிவிடும்' என்று விட்டுவிடுகிறோம்.

நான் உழவியல் படித்தவள். கால்நடை மருத்துவம் என் துறை அல்ல. ஆனால் எங்கள் வீட்டுக் கடுவன் பூனைக்கு நாள்பட்ட மலச்சிக்கல் வந்து நான்கு ஆண்டுகளாகிறது. கால்நடை மருத்துவர்களிடம் கேட்டும், நாங்களே செய்த தவறுகளில் பட்டும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன். வழக்கமாக இந்தப் பக்கத்தில் களை, உரம், நீர் நிர்வாகம் என்று எழுதுகிறவள் பூனைக்கு வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். பயிற்சிக் கூட்டம் முடிந்து கிளம்பும்போது, நெல் பற்றி ஒரு கேள்வியும் கேட்காத பெண்கள் தனியாக வந்து கேட்பது பெரும்பாலும் ஆடு, கோழி, பூனை பற்றித்தான்.

மலமா, சிறுநீரா?

சிகிச்சையைப் பற்றிப் பேசும் முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் நல்ல கொழுத்த கடுவன் இருந்தது. ஒருநாள் காலை முதல் மணலைப் பறித்துப் பறித்து உட்கார்ந்தது, முக்கியது, எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்தது, அடித்தொண்டையில் கத்தியது. மலச்சிக்கல் என்று நினைத்துப் பாலில் நெய் ஊற்றி வைத்தார்கள். குடிக்கவில்லை. மறுநாள் வாந்தி எடுத்துச் சுருண்டு படுத்தது. மூன்றாம் நாள் விடியும் முன் இறந்துவிட்டது. அதற்கு இருந்தது மலச்சிக்கல் அல்ல, சிறுநீர் அடைப்பு.

கடுவன் பூனையின் சிறுநீர்க் குழாய் முனையில் மிகவும் குறுகலானது. மணல் போன்ற படிகங்களோ, சளி போன்ற கசடோ அதில் அடைத்துக்கொண்டால் ஒரு சொட்டும் வெளியே வராது. சிறுநீரகத்துக்குப் பின்னோக்கி அழுத்தம் ஏறும், ரத்தத்தில் பொட்டாசியம் கூடும், இதயம் நின்றுபோகும். இதற்கு இரண்டு, மூன்று நாட்கள் போதும். பார்ப்பவர் கண்ணுக்கு மலத்துக்கு முக்குவதும் சிறுநீருக்கு முக்குவதும் ஒன்றுபோலவே இருக்கும்.

எனவே பூனை முக்குவதைப் பார்த்ததும் முதல் வேலை, அது சிறுநீர் கழிக்கிறதா என்று பார்ப்பது. ஓர் அறையில் விட்டு, பழைய தாம்பாளத்திலோ பிளாஸ்டிக் தட்டிலோ காய்ந்த மணலைப் பரப்பி வையுங்கள். சிறுநீர் போனால் மணல் கட்டியாகும். சில மணி நேரமாக முக்கியும் மணல் நனையவில்லை, அல்லது சொட்டுச் சொட்டாக ரத்தம் கலந்து வருகிறது, குறியை விடாமல் நக்கிக்கொண்டே இருக்கிறது என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளக் கூடாது. பெட்டைப் பூனையின் குழாய் அகலமானது என்பதால் அதற்கு இந்த அடைப்பு அரிது. அடிவயிற்றை அழுத்திப் பார்க்கும் வேலை நமக்கு வேண்டாம்; நிரம்பிய சிறுநீர்ப்பை கிழிந்துவிடலாம்.

சிறுநீர் தாராளமாகப் போகிறது, மலம்தான் வரவில்லை என்று உறுதியானால் கொஞ்சம் மூச்சு விடலாம். நல்ல ஆரோக்கியமான பூனை தினம் ஒரு முறையோ, ஒன்றரை நாளுக்கு ஒரு முறையோ மலம் கழிக்கும். பழுப்பு நிறத்தில், ஈரப்பசையோடு, உருவம் குலையாமல் இருக்கும். ஆட்டுப் புழுக்கை மாதிரி சின்னச் சின்னக் கட்டியாக, காய்ந்து, மணல்கூட ஒட்டாமல் கிடந்தால் சிக்கல் ஆரம்பித்துவிட்டது. இரண்டு நாள் ஆகியும் மலம் இல்லை என்றால் மூன்றாம் நாளைக்குக் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். பலரை ஏமாற்றும் அறிகுறி ஒன்று உண்டு. உள்ளே கட்டி இறுகிக் கிடக்கும்போது, அதைச் சுற்றிக் கொஞ்சம் தண்ணீர் மாதிரி மலம் கசிந்து வரும். 'பேதியாகிறது' என்று நினைத்து அதை நிறுத்த மருந்து கொடுத்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

பூனைக்கு ஏன் இது வருகிறது?

வீட்டுப் பூனையின் மூதாதை, ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் வறண்ட நிலத்தில் வாழ்ந்த காட்டுப் பூனை. தண்ணீரைத் தேடிப்போய்க் குடிக்கும் பழக்கம் அதற்குக் குறைவு, தேவையும் இல்லை. எலியின் உடம்பில் ஏறக்குறைய 70 சதவீதம் தண்ணீர்தான். எலியைத் தின்றால் உணவும் தண்ணீரும் சேர்ந்தே கிடைத்துவிடும். அந்த உடல் வாகு இன்னும் மாறவில்லை. தாகம் குறைவான இந்தப் பிராணிக்கு நாம் காய்ந்த கருவாட்டையும், 10 சதவீத ஈரம்கூட இல்லாத கடை உணவையும் போடுகிறோம். 4 கிலோ எடையுள்ள பூனைக்கு ஒரு நாளைக்கு, உணவில் இருப்பதையும் சேர்த்து, சுமார் 200 மில்லி தண்ணீர் வேண்டும். காய்ந்த உணவு தின்னும் பூனை கிண்ணத்தில் குடித்து அதை ஈடு செய்வதில்லை.

பெருங்குடலின் வேலை, மலத்தில் உள்ள தண்ணீரை உறிஞ்சி உடம்புக்குத் திருப்பித் தருவது. களத்தில் கொட்டிய நெல்லை நினைத்துக்கொள்ளுங்கள். 20 சதவீத ஈரத்தில் அறுத்த நெல் 14க்கு இறங்கும்வரை காயவிடுகிறோம். எடுக்காமல் விட்டால் அதற்கு மேலும் காய்ந்துகொண்டேதான் போகும். மலமும் அப்படித்தான். ஒருநாள் தங்கினால் கொஞ்சம் இறுகும். இறுகினால் வெளியேற்றும்போது வலிக்கும். வலித்ததால் பூனை மறுநாள் அடக்கிக்கொள்ளும். அடக்கியதால் மேலும் காயும். இது மாதக்கணக்கில் தொடர்ந்தால் குடல் விரிந்து விரிந்து, சுவரின் தசை தளர்ந்து, தள்ளும் சக்தியையே இழந்துவிடும். இதற்குப் 'பெருங்குடல் வீக்கம்' என்று பெயர். அந்த நிலைக்குப் போன குடல் பழையபடி சுருங்குவது கடினம்.

எங்கள் பூனையின் கதை

எங்கள் பூனைக்கு ஆரம்பித்தது ஒரு தை மாதம். நான் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். வைக்கோல் போரின் ஓரத்தில் உட்கார்ந்து முக்குகிறது, இரண்டு கட்டி விழுகிறது, பிறகு வாந்தி. அம்மா 'மந்தம்' என்றார். நான் படித்தவள் அல்லவா, விளக்கெண்ணெய் எடுத்து வந்தேன். தம்பி பிடித்துக்கொள்ள, வாயைத் திறந்து ஒரு ஸ்பூன் ஊற்றினேன். பாதி அதன் மூக்கில் ஏறியது. இருமியது, என் கையைக் கடித்தது, ஓடிப்போய்ப் பரணில் ஏறிக்கொண்டது. எனக்குத் தடுப்பூசி, பூனைக்கு இரண்டு நாள் மூச்சிரைப்பு. மலம் மட்டும் வரவில்லை.

மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "இதுக்கு எப்பவாவது அடிபட்டுச்சாம்மா?" ஒரு வயதுக் குட்டியாக இருந்தபோது இருசக்கர வாகனம் ஒன்று மோதியது. பத்து நாள் நொண்டியது, பிறகு தானாக நடந்தது. 'பூனைக்கு ஒன்பது உயிர்' என்று நாங்களும் விட்டுவிட்டோம். அன்றைக்கு உடைந்த இடுப்பெலும்பு கோணலாகக் கூடி, மலக்குடல் போகும் வழியைக் குறுக்கிவிட்டது. நெளிந்த குழாயில் கசடு தேங்குவது போல், ஐந்து வருடம் கழித்து அது நோயாக வெளிப்பட்டிருக்கிறது. அடிபட்ட உடனே, அல்லது சில மாதங்களுக்குள் காட்டியிருந்தால் எலும்பைச் சரிசெய்ய வாய்ப்பிருந்தது. சாலையோர வீடுகளில் பூனை வளர்ப்பவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள்: அடிபட்ட பூனை நடக்க ஆரம்பித்துவிட்டாலும் ஒரு எக்ஸ்ரே எடுப்பது நல்லது. வால் கதவிடுக்கிலோ சக்கரத்திலோ மாட்டி இழுபட்டாலும் அப்படியே. வாலடியில் உள்ள நரம்பு அறுந்தால் மலமும் சிறுநீரும் இரண்டுமே தடைப்படும்.

எல்லாப் பூனைக்கும் காரணம் இதுவாக இருக்காது. வயதான பூனைக்குச் சிறுநீரகம் பழுதடைந்து, உடம்பில் உள்ள தண்ணீர் எல்லாம் சிறுநீராகப் போய்விடுவதால் மலம் காய்கிறது. அதிகம் தண்ணீர் குடித்து, நிறையச் சிறுநீர் கழித்து, இளைத்துக்கொண்டே போகும் கிழப் பூனைக்கு மலச்சிக்கல் வந்தால் முதலில் ரத்தப் பரிசோதனைதான். மூட்டுவலி உள்ள பூனைக்குக் குந்தி உட்கார முடியாது. நாம் போடும் கோழி எலும்பும் மீன் முள்ளும் பொடியாகிச் சிமெண்ட் மாதிரி இறுகும். நீளமான முடி உள்ள பூனை தன்னையே நக்கி விழுங்கும் முடியும் மலத்தோடு திரிந்து சேரும். எந்தக் காரணமும் புலப்படாத பூனைகளும் உண்டு. நடு வயதைத் தாண்டிய கடுவன்களிடம் இது அதிகம் என்கிறார்கள்.

வீட்டில் செய்யக் கூடாதவை

நான் செய்த தவறில் இருந்தே ஆரம்பிக்கிறேன். எந்த எண்ணெயையும் பூனையின் வாயில் ஊற்றாதீர்கள். விளக்கெண்ணெய் குடலை அரிக்கும். 'லிக்விட் பாரஃபின்' இன்னும் ஆபத்து. அதற்குச் சுவையும் மணமும் இல்லாததால் மூச்சுக்குழாயில் போனாலும் பூனை இருமாது; நுரையீரலில் தங்கி நிமோனியாவாகும்.

மருந்துக் கடையில் மனிதர்களுக்காக விற்கும் பாஸ்பேட் எனிமா பாட்டிலைப் பூனைக்குப் போடவே கூடாது. அதில் உள்ள பாஸ்பேட் குடல் வழியாக ரத்தத்தில் ஏறி, கால்சியத்தை வீழ்த்தி, வலிப்பு வந்து பூனை செத்துப்போகும். உரமிடும் நமக்குப் பாஸ்பேட் நல்ல பெயர். பூனையின் குடலில் அது விஷம். சோப்புத் தண்ணீரும் வேண்டாம். மனிதர்களுக்கான பேதி மாத்திரையை உடைத்துக் கால் பங்கு கொடுப்பதும் வேண்டாம். வலியில் கத்துகிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். அதை முறிக்கும் நொதி பூனையின் ஈரலில் போதிய அளவு இல்லை. ஒரே மாத்திரை உயிரை எடுத்துவிடும்.

பால் கொடுத்தால் இளகும் என்பது நம் வீடுகளில் பரவலான நம்பிக்கை. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரை செரிக்காது. அதனால் பேதியாகும். அதைப் பார்த்து 'இளகிவிட்டது' என்கிறோம். பேதியில் உடம்பின் தண்ணீர் வெளியேறி, அடுத்த வாரம் மீண்டும் இறுகும்.

மருத்துவர் என்ன செய்வார்?

இறுகிய மலத்தை முதல் தடவை வெளியேற்றுவது மருத்துவரின் வேலை. நரம்பு வழியே திரவம் ஏற்றி உடம்பின் வறட்சியைப் போக்கிய பிறகு, வெதுவெதுப்பான தண்ணீரில் எனிமா கொடுப்பார்கள். தேவைப்பட்டால் மயக்கம் கொடுத்துக் கையால் எடுப்பார்கள். எங்கள் பூனைக்கு இரண்டு நாள் ஆனது. அதன் பிறகு தினசரி மருந்தாக லாக்டுலோஸ் என்ற பாகு கொடுத்தார்கள். இது ஒருவகைச் சர்க்கரை. உடம்பு இதை உறிஞ்சாது; பெருங்குடல் வரை போய்த் தண்ணீரைத் தன்னிடம் இழுத்து வைத்துக்கொண்டு மலத்தை இளக்கும். இதற்குப் பதிலாக உணவில் கலக்கும் பாலிஎத்திலீன் கிளைகால் பொடியைச் சில மருத்துவர்கள் தருகிறார்கள். பூனை முகம் சுளிக்காமல் தின்னும் என்பது இதன் நன்மை. அளவு எடையைப் பொறுத்தது, மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பிறகு மலத்தைப் பார்த்துப் பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ சொல்வார். கூழ் மாதிரி வந்தால் அதிகம், புழுக்கை மாதிரி வந்தால் குறைவு. ஒரு வாரம் நன்றாகப் போகிறதே என்று நிறுத்திவிட்டால் அடுத்த மாதம் மறுபடி எனிமாவுக்குப் போக வேண்டியிருக்கும். நாங்கள் இரண்டு தடவை போனோம்.

குடல் முழுதும் தளர்ந்துபோய், எந்த மருந்துக்கும் அசையாத பூனைக்கு, பெருங்குடலின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது. கேட்கவே பயமாக இருந்தாலும், அதற்குப் பிறகு சில வாரம் இளகலாகப் போய்விட்டு, பல பூனைகள் நல்லபடியாக வாழ்கின்றன. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களில் உள்ள கல்லூரி மருத்துவமனைகளை இதுபோன்ற பெரிய சிகிச்சைக்கு அணுகிக் கேட்கலாம்.

தண்ணீரும் தீனியும்

வீட்டில் நாம் செய்யக்கூடியதில் முதலிடம் தண்ணீருக்குத்தான். இங்கே என் தொழில் புத்தி கொஞ்சம் உதவியது. ஒரே மடையில் நிறையத் தண்ணீர் விடுவதைவிட, நாலு இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் வயல் முழுதும் நனையும். திண்ணையில் ஒன்று, கொல்லையில் ஒன்று, மாட்டுக் கொட்டகையில் ஒன்று என்று அகலமான மண் சட்டிகளை வைத்தோம். சோற்றுத் தட்டுக்கு அருகில் வைத்த தண்ணீரைச் சீந்தாத பூனை, தள்ளி வைத்த சட்டியில் குடித்தது. தினமும் கழுவி மாற்ற வேண்டும்.

அதைவிடப் பலன் தந்தது உணவிலேயே தண்ணீரைச் சேர்த்தது. மலிவான மீனை உப்பு, மஞ்சள், மிளகாய் எதுவும் இல்லாமல் நிறையத் தண்ணீர் விட்டு வேகவைத்து, முள் எடுத்துப் பிசைந்து, வெந்த தண்ணீரோடு சேர்த்து வைக்கிறார் அம்மா. சோறு ஒரு பிடி மட்டும். கடையில் வாங்கிய காய்ந்த உணவு போடுகிறவர்கள் அதை வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்துப் போடுங்கள். கருவாட்டை நிறுத்திவிடுவது நல்லது. மீன் குழம்பில் பிசைந்த சோறு வேண்டவே வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வெறும் பால் சோற்றில் வளரும் பூனைக்கு இறைச்சியில் கிடைக்கும் டாரின் என்ற சத்து குறைந்து, கண்ணும் இதயமும் கெடும்.

நார்ச்சத்து விஷயத்தில் கவனம் தேவை. வேகவைத்து மசித்த பரங்கிக்காய், கொங்குப் பக்கம் அரசாணிக்காய் என்பார்களே அது, ஒரு ஸ்பூன் உணவில் கலக்கலாம். இசப்கோல் உமி குஜராத்திலும் ராஜஸ்தானிலும் பயிராகும் ஒரு செடியின் விதைத் தோல். தண்ணீரில் போட்டால் பல மடங்கு உப்பி வழவழப்பாகும். கால் டீஸ்பூன் எடுத்து, நன்றாக ஊறவைத்து, ஈரமான உணவில் கலந்து கொடுத்தால் சாதாரண மலச்சிக்கலுக்குப் பலன் தெரியும். உலர்வாகத் தூவினால், குடலில் உள்ள கொஞ்சத் தண்ணீரையும் அதுவே குடித்துவிடும். ஒரு பயிற்சிக்கு வந்த அம்மா, மாட்டுத் தவிட்டையே பூனைச் சோற்றில் கலந்து கொடுத்ததாகச் சொன்னார். தவிடு மலத்தின் கனத்தைக் கூட்டும். வழி குறுகலான, அல்லது குடல் விரிந்துபோன பூனைக்குக் கனம் கூடினால் அடைப்புத்தான் கூடும். அப்படிப்பட்ட பூனைக்கு நார் குறைவான உணவே நல்லது. எந்த வகைப் பூனை நம்முடையது என்று எக்ஸ்ரே பார்த்தவர் சொல்லாமல் நாரைக் கூட்ட வேண்டாம்.

அடைமழையும் ஒரு காரணம்

எங்கள் பூனைக்கு ஐப்பசி, கார்த்திகையில் தொந்தரவு கூடுவதை இரண்டாம் ஆண்டுதான் கவனித்தேன். டெல்டாவில் அந்த மாதங்களில் கொல்லை முழுதும் சேறு. பறித்து மூடக் காய்ந்த மண் கிடைக்காமல் பூனை அடக்கிக்கொண்டே இருக்கிறது. தாழ்வாரத்தில் ஒரு பழைய அன்னக்கூடையில் காய்ந்த மணலை ஒரு சாண் உயரத்துக்கு நிரப்பி வைத்ததும் மாறியது. மணல் கிடைக்காதவர்கள் உலர்ந்த தென்னை நார்க்கழிவைப் போடலாம். நல்ல உறிஞ்சும் தன்மை உள்ளது. உமியும் போட்டுப் பார்த்தேன், குத்துகிறது போலிருக்கிறது, பூனை கிட்டவே வரவில்லை. கூடையின் விளிம்பு உயரமாக இருந்தால் வயதான பூனை ஏறாது. ஒரு பக்கம் வெட்டிவிடுங்கள்.

மலத்தைத் தினமும் அள்ளிக் குழியில் புதைக்க வேண்டும். டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் முட்டை பூனை மலத்தில் வரக்கூடும். அது தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது ஆகும் என்பதால் அன்றன்றே அள்ளுவது பாதுகாப்பு. கர்ப்பிணிகள் இந்த வேலையைச் செய்யக் கூடாது. ஆட்டுத் தீவனத்தில் கலந்தால் சினை ஆடுகள் குட்டி வீசும். காய்கறித் தோட்டத்து எருக்குழியில் இதைச் சேர்க்காதீர்கள்.

நாட்காட்டியில் ஒரு குறி

மருத்துவர் எங்களிடம் ஒவ்வொரு முறையும் கேட்டது, "கடைசியா எப்ப போச்சு?" என்பதைத்தான். யாருக்கும் சரியாகத் தெரியாது. இப்போது அம்மா தினத்தாள் நாட்காட்டியில் பூனை மலம் கழித்த நாளில் ஒரு பென்சில் கோடு போடுகிறார். கட்டியாக இருந்தால் அருகில் ஒரு புள்ளி. இரண்டு தாளில் கோடு இல்லை என்றால் எனக்குப் போன் வரும். கடந்த 14 மாதமாக எனிமாவுக்குப் போகவில்லை.

மருத்துவமனைக்குக் கொண்டுபோவதுதான் கிராமத்தில் பெரிய பாடு. சாக்கில் கட்டிக்கொண்டு போனால் பூனை மிரண்டு கடிக்கும், மூச்சும் முட்டும். தக்காளி ஏற்றும் பிளாஸ்டிக் கூடை இரண்டை எடுத்து, ஒன்றில் பழைய துணி விரித்துப் பூனையை விட்டு, மற்றதை வாயோடு வாய் கவிழ்த்து நான்கு பக்கமும் கயிற்றால் கட்டுங்கள். மேலே ஒரு துண்டைப் போர்த்திவிட்டால் இருட்டில் அமைதியாகப் படுத்துக்கொள்ளும். பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டே போகலாம். கடித்தாலோ பிராண்டினாலோ காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.